கண்ணீர்ப் புகைக் குண்டின் கதை, அதன் உறையிலிருந்து

சென்ற ஞாயிற்றுக்கிழமை டெல்லி ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர் கோயில் படிக்கட்டில் தம்பி ஒருவர் என்னிடம் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். உள்ளே கரி படிந்த அலுமினியக் குழாய் ஒன்று இருந்தது. 2024 பிப்ரவரியில் பஞ்சாப்-ஹரியானா எல்லையில் உள்ள ஷம்புவில் விவசாயிகளைக் கலைக்க வீசிய கண்ணீர்ப் புகைக் குண்டின் காலி உறை. அவரோடு படிக்கும் பஞ்சாபி நண்பர் எடுத்து வைத்திருந்தாராம். “ஐயா, நீங்கள் படையில் ஆயுதக் கிடங்கில் இருந்தவர் என்று அப்பா சொன்னார். இது ஏன் இப்படி இருக்கிறது? சிலவற்றைக் கையால் எறிகிறார்கள், சிலவற்றைத் துப்பாக்கியில் போட்டுச் சுடுகிறார்கள், இப்போது ட்ரோனிலிருந்தும் போடுகிறார்கள். இதெல்லாம் எப்படி வந்தது?” என்று கேட்டார். கோயில் வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். இதோ எழுதுகிறேன்.

பெயரிலிருந்து தொடங்குகிறேன். டெல்லியில் எல்லோரும் ‘ஆன்ஸூ கேஸ்’, அதாவது கண்ணீர் வாயு, என்கிறார்கள். தமிழ்ச் செய்தித்தாள்கள் நெடுங்காலமாகக் ‘கண்ணீர்ப் புகை’ என்றே எழுதி வருகின்றன. தமிழ்ச் சொல்தான் சரியான சொல். குண்டுக்குள் இருப்பது வாயு இல்லை. சாதாரண வெப்பத்தில் மாவுபோலக் கிடக்கும் திடப்பொருள். அடுப்பில் காய்ந்த மிளகாய் கருகினால் கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் தொண்டை கமறுகிறது அல்லவா, அதே மாதிரி காற்றில் மிதந்து வரும் நுண்துகள்தான் கண்ணையும் தொண்டையையும் தாக்குகிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால் குண்டின் அமைப்பு முழுவதும் விளங்கிவிடும். எங்கோ நூறு மீட்டருக்கு அப்பால் ஒரு பிடி மாவைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேர்ந்த இடத்தில் அதைக் காற்றில் மிதக்கவும் விட வேண்டும். கொண்டுபோவதற்குக் கனமும் வேகமும் வேண்டும். மிதக்க விடுவதற்கு அவை இரண்டுமே வேண்டாம். கனமும் வேகமும் மனித உடலில் பட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நூறாண்டுக்கு மேலாக இந்தக் குண்டை வடிவமைத்தவர்கள் எல்லோரும் இந்த முரணோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

தொடக்கம் பிரான்ஸில். முதல் உலகப் போருக்கு முன்பே பாரிஸ் போலீஸார் கண்ணை எரிக்கும் ஒரு புரோமின் திரவத்தைக் குற்றவாளிகளைப் பதுங்கிடத்திலிருந்து வெளியேற்றப் பயன்படுத்தினார்கள். 1914 ஆகஸ்டில் பிரெஞ்சுப் படை அதே திரவத்தை 26 மில்லிமீட்டர் தோட்டாவில் அடைத்து ஜெர்மானியர்கள் மீது சுட்டது. ஒரு தோட்டாவில் சுமார் 19 கன சென்டிமீட்டர், அதாவது நான்கு தேக்கரண்டிக்கும் குறைவு. திறந்த வெளியில் அது எம்மாத்திரம்? தங்கள் மீது இப்படி ஒன்று சுடப்பட்டதை எதிரிகள் உணரக்கூட இல்லை. சில மாதங்களில் புரோமினுக்குத் தட்டுப்பாடு வந்து, வேறு திரவத்துக்கு மாறினார்கள்.

அந்த 26 மில்லிமீட்டர் அளவைக் கவனியுங்கள். இருட்டில் அடையாள வெளிச்சம் காட்டுவதற்காகப் படைகள் வைத்திருந்த கைத்துப்பாக்கிகள் ஏறக்குறைய இந்த அளவுதான். அகலமான குழல், கொஞ்சம் வெடிமருந்து, மெல்லிய உறைக்குள் எரியும் பொருள். ‘கேஸ் கன்’ என்று எங்கள் கிடங்கில் நாங்கள் அழைத்த துப்பாக்கிக்கும் பண்டிகைக் காலத்து வாணத்துக்கும் இடையில் இப்படி ஒரு பங்காளி உறவு உண்டு. கேஸ் கன்னில் போடும் புகைத் தோட்டாவின் வடிவம் சாதாரணத் துப்பாக்கித் தோட்டாவிலிருந்து வந்ததில்லை, வெளிச்சத் தோட்டாவிலிருந்து வந்தது.

ஜெர்மானியர்கள் எதிர்த்திசையில் போனார்கள். சின்னத் தோட்டா போதவில்லையென்றால் பெரிய பீரங்கிக் குண்டு. 1915 ஜனவரி 31 அன்று வார்சாவுக்கு மேற்கே போலிமோவ் என்ற இடத்தில் ரஷ்யர்கள் மீது சைலில் புரோமைடு என்ற கண்ணெரிக்கும் திரவம் நிரப்பிய சுமார் 18,000 குண்டுகளைப் பொழிந்தார்கள். அந்தத் திரவம் இரும்பைத் தின்றுவிடும் என்பதால் அதை ஈயக் கலத்துக்குள் அடைத்து, அந்தக் கலத்தைக் குண்டுக்குள் வைக்க வேண்டியிருந்தது. இவ்வளவு பாடுபட்டும் பலனில்லை. கடுங்குளிரில் திரவம் ஆவியாகாமல் உறைந்து கிடந்தது. மருந்து, உறை, வானிலை மூன்றும் ஒத்துப்போனால்தான் இந்த ஆயுதம் வேலை செய்யும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

போர் முடிந்தபோது கையில் கிடைத்தது சி.என். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் குளோரோஅசிட்டோபீனோன். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய வேதியியலாளர்களுக்குத் தெரிந்த பொருள் இது. வடிவமைப்பாளருக்கு இதில் இரண்டு வசதிகள். இது திடப்பொருள், உலோகத்தையும் அரிக்காது. ஈயக் கலம் வேண்டாம், சாதாரணத் தகர டப்பா போதும். டப்பா மலிவானதும் ஆயுதம் போர்க்களத்திலிருந்து தெருவுக்கு வந்தது. அமெரிக்க ராணுவத்தின் ரசாயனப் போர்ப் பிரிவுத் தலைவராக இருந்த ஜெனரல் அமோஸ் ஃப்ரைஸ் இதைப் போலீஸுக்குக் கொண்டுசேர்ப்பதையே தம் கடமையாக எடுத்துக்கொண்டார். 1921 ஜூலையில் ஃபிலடெல்ஃபியாவில் சுமார் 200 போலீஸ்காரர்களையே நிற்க வைத்து அவர்கள் மீது வீசிக் காட்டினார்கள். பிட்ஸ்பர்க், கிளீவ்லாந்து போன்ற ஊர்களில் இதற்கென்றே நிறுவனங்கள் எழும்பின. கண்ணீர்ப் புகை கக்கும் தடி, பேனா, வங்கிப் பெட்டகக் கதவில் பொருத்திய கண்ணாடிக் குப்பி என்று என்னென்னவோ விற்றார்கள். 1930-களில் ஆலை முதலாளிகளே வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளர்களுக்கு எதிராக இவற்றை வாங்கிக் குவித்ததை அமெரிக்க செனட் குழு ஒன்று விசாரித்து வெளிக்கொண்டு வந்தது.

இன்று நாம் பார்க்கும் 37, 38 மில்லிமீட்டர் கேஸ் கன் உலகெங்கும் நிலைபெற்றது இந்த அமெரிக்க வியாபாரிகளின் காலத்தில்தான். ஒன்றரை அங்குலக் குழல் என்பார்கள். தோட்டாவின் உள்ளமைப்பும் அப்போதே முடிவாகிவிட்டது. பின்புறம் கொஞ்சம் வெடிமருந்து; அது உறையைத் தள்ளும், கூடவே உள்ளே இருக்கும் தாமதத் திரியையும் பற்றவைக்கும். பறந்துபோய் விழும் நேரத்தில் திரி உள்ளே இருக்கும் கலவையை எட்டும். கலவை கொழுந்துவிட்டு எரியாமல் கனன்று எரியும். அந்தச் சூட்டில் மருந்து ஆவியாகித் துளை வழியே வெளியே வந்து, குளிர்ந்து, மறுபடி துகளாகி மிதக்கும். உங்கள் குழாயின் ஒரு முனையில் கறுத்த துளைகள் இருக்கின்றன, பார்த்தீர்களா? அவை அதற்குத்தான். சூடு மிகுந்தால் மருந்தே கருகிச் சிதைந்துவிடும். குறைந்தால் உறைக்குள்ளேயே தங்கிவிடும். பழைய சரக்கில் இந்த நிதானம் கெட்டுவிடுகிறது. அதனால்தான் ‘ஷெல்’ என்று நாங்கள் சொல்லும் ஒவ்வொரு தோட்டாவிலும் காலாவதித் தேதி இருக்கிறது, கிடங்கில் நாங்கள் அதை மாதந்தோறும் பார்த்துக் கழித்துவைப்போம்.

அடுத்த மாற்றம் மருந்தில் வந்தது. 1928-இல் வெர்மான்ட் மாநிலத்து மிடில்பரி கல்லூரியில் பென் கார்சன், ரோஜர் ஸ்டௌட்டன் என்ற இரு வேதியியலாளர்கள் ஒரு சேர்மத்தைச் செய்தார்கள். அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளே அதன் பெயராயிற்று: சி.எஸ். கால் நூற்றாண்டு அது யாருக்கும் தேவைப்படவில்லை. 1950-களில் பிரிட்டனின் போர்ட்டன் டவுன் ராணுவ ஆய்வகம் அதைத் தூசி தட்டி எடுத்தது. பழைய சி.என். மன உறுதியுள்ள கூட்டத்தைக் கலைக்கப் போதவில்லை. மூடிய இடத்தில் உயிரையும் வாங்கியது. கண்ணின் கருவிழியையும் கெடுத்தது. சி.எஸ். மிகக் குறைந்த அளவிலேயே எரிச்சல் தந்தது, நச்சுத்தன்மையும் குறைவு. இன்று இந்தியாவிலும் பெரும்பாலான நாடுகளிலும் இருப்பது அதுதான்.

அந்தச் சி.எஸ். குடியிருப்புகளுக்குள் என்ன செய்தது என்பதை உலகுக்குக் காட்டியது வட அயர்லாந்தின் டெர்ரி நகரம். 1969 ஆகஸ்டில் பாக்சைடு என்ற நெருக்கமான குடியிருப்புக்குள் இரண்டு நாட்களில் 12.5 கிராம் மருந்து கொண்ட 1,091 தோட்டாக்களும், 50 கிராம் கொண்ட 14 குண்டுகளும் விழுந்தன. வீடுகளுக்குள் குழந்தைகளும் முதியவர்களும் இருந்தார்கள். அதன்பின் பிரிட்டிஷ் அரசு அமைத்த ஹிம்ஸ்வொர்த் குழு ஒரு நல்ல கருத்தைச் சொன்னது: இப்படிப்பட்ட பொருளை ஆயுதத்தைச் சோதிப்பது போலச் சோதிக்காதீர்கள், புதிய மருந்தைச் சோதிப்பது போலச் சோதியுங்கள். காரணம், கூட்டத்தில் ஆஸ்துமாக்காரர் இருப்பார், கர்ப்பிணி இருப்பார், அந்த வழியே பால் வாங்கப் போனவர் இருப்பார். இதை நான் எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன்.

இனி கூட்டத்தின் பக்கம். எறிந்த குண்டைத் திருப்பி எறியலாம் என்று கண்டுபிடிக்க மக்களுக்கு அதிக நாள் ஆகவில்லை. தகர டப்பா அரை நிமிடம் எரியும். தோல் கையுறை இருந்தால் எடுத்து எறிந்துவிடலாம். இதற்குப் பதிலாக வந்த வடிவங்கள்தான் நீங்கள் கேட்ட ‘ஏன் இத்தனை வகை’ என்பதற்கு விடை. விழுந்ததும் மூன்று துண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் உருளும் குண்டு ஒன்று. பிடிக்க முடியாதபடி துள்ளித் திரியும் ரப்பர் பந்து போன்றது ஒன்று. எரியாமல், ஒரே நொடியில் வெடித்து மாவைத் தூவிவிடும் பிளாஸ்டிக் உருண்டை இன்னொன்று. வியட்நாம் காலத்தில் அமெரிக்கர்கள் பல குழல்களை ஒரே பெட்டியில் அடுக்கி, சின்னஞ்சிறு குண்டுகளை மழையாகப் பொழியும் கருவியைச் செய்தார்கள். நம் ஊரில் கலவரத் தடுப்பு வாகனங்களின் கூரையில் பார்க்கும் பல குழல் ஏவிகளின் மூதாதை அது. கூட்டமும் சும்மா இருக்கவில்லை. 2019-இல் ஹாங்காங் இளைஞர்கள் சாலையில் வைக்கும் பிளாஸ்டிக் கூம்பைக் குண்டின் மீது கவிழ்த்து, மேல் ஓட்டை வழியே தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். ஷம்புவில் விவசாயிகள் ஈரச் சாக்கைப் போட்டு மூடினார்கள். ட்ரோன்களை இழுத்து வீழ்த்தப் பட்டம் விட்டார்கள்.

சுவரையும் கதவையும் துளைத்து உள்ளே போகும் வகையும் உண்டு. அதன் முனை கூர்மையானது, உள்ளே திரவமோ மாவோ இருக்கும், தீ இருக்காது. பதுங்கியிருப்பவரை வெளியேற்றச் செய்த அந்த வகையைத் திறந்த தெருவில் மனிதர்களை நோக்கிச் சுடக்கூடாது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

என்னை உண்மையில் கலங்க வைப்பது எடை. 2019 அக்டோபரில் பாக்தாத் போராட்டங்களில் இளைஞர்களின் மண்டையோட்டைத் துளைத்து உள்ளே தங்கிய குண்டுகளை மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் ஆராய்ந்தது. போலீஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் தோட்டா 25 முதல் 50 கிராம் வரை இருக்கும். அங்கே சுட்டவை 220 முதல் 250 கிராம். செர்பியாவிலும் ஈரானிலும் தயாரான, ராணுவ வகைக் குண்டுகளின் சாயலில் அமைந்த 40 மில்லிமீட்டர் உறைகள். கிரிக்கெட் பந்தின் எடை சுமார் 160 கிராம். ராணுவத்தின் பழைய 40 மில்லிமீட்டர் ஏவிகளில் குண்டு புறப்படும் வேகம் நொடிக்கு 76 மீட்டர். மணிக்கு 270 கிலோமீட்டருக்கு மேல். ஒன்றரைக் கிரிக்கெட் பந்து எடையுள்ள உலோகம் அந்த வேகத்தில் நேராகத் தலைக்கு வந்தால் அதற்குள் என்ன மருந்து இருக்கிறது என்ற கேள்விக்கே இடமில்லை. இளகிய முனை, நொறுங்கும் பிளாஸ்டிக் உறை, குறைந்த தூரத்துக்குக் குறைந்த வெடிமருந்து என்று எத்தனையோ வழிகள் இருக்கின்றன. தெரிந்தும் கனமான உறையைத் தெருவுக்கு அனுப்புவதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆளைக் குறிபார்த்துச் சுடக்கூடாது என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் 2020 வழிகாட்டுதலும் தெளிவாகச் சொல்கிறது. குழலை வானத்தை நோக்கிச் சாய்த்துப் பிடி என்பதுதான் எங்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம்.

சாய்த்துப் பிடித்தாலும் நேரும் ஒன்றைச் சொல்கிறேன். 1990-களில் ஒரு வட இந்திய நகரத்தின் பழைய பகுதியில் எங்கள் அணி நின்றிருந்தது. ஷெல் எடுத்துக் கொடுப்பது என் வேலை. நான் கொடுத்த ஷெல் ஒன்று மாடிக் கைப்பிடிச் சுவரில் பட்டுத் திரும்பி, எதிர்வீட்டு முதல்மாடி ஜன்னலுக்குள் போய்விட்டது. இருமல் சத்தம் கேட்டு நானும் இன்னொருவரும் ஓடினோம். பத்துக்குப் பத்து அடி அறை. கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் ஷெல் சீறிக்கொண்டிருந்தது. கட்டில் கயிற்றின் ஓரம் கருகத் தொடங்கியிருந்தது. மூலையில் கோதுமை டப்பாவுக்குப் பின்னால் ஒரு வயதான அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சமையலறையில் இருந்த வாளித் தண்ணீருக்குள் ஷெல்லை உதைத்துத் தள்ளிவிட்டு அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். தெருவில் சில நிமிடங்களில் கலைந்து போகிற புகை அந்த அறையை விட்டு வெகுநேரம் போகவில்லை. அவர் மூன்று நாள் மருத்துவமனையில் இருந்து பிழைத்தார். இறக்கிவிட்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, “பேட்டா, நான் என்ன செய்தேன்?” என்று கேட்டார். முகமூடியைக் கழற்றி அவருக்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. 2013 ஆகஸ்டில் எகிப்தில் சிறைக்குக் கொண்டுபோன வண்டிக்குள் கண்ணீர்ப் புகையைச் செலுத்தியதில் 37 பேர் மூச்சுத் திணறி இறந்த செய்தியைப் படித்த அன்று அந்தக் கட்டில்தான் கண்முன் வந்தது.

நம் நாட்டுக்கு வருகிறேன். குவாலியர் அருகே தேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் கீழ் 1976-இல் ஒரு தயாரிப்புப் பிரிவு தொடங்கப்பட்டது. அதன் பெயரிலும் வாயு இல்லை, ‘கண்ணீர்ப் புகைப் பிரிவு’ என்றுதான் பெயர். வெளிநாட்டுச் சரக்கை நம்பியிருந்த மாநிலப் போலீஸார் பலருக்கும் இன்று அங்கிருந்து ஷெல்களும் எறிகுண்டுகளும் போகின்றன. காஷ்மீரில் சிறு உலோக உருண்டைகளைச் சிதறடிக்கும் பெல்லட் துப்பாக்கியால் பலர் கண்ணிழந்த பிறகு, 2016-இல் உள்துறை அமைச்சகம் அமைத்த குழு மாற்றாகப் ‘பாவா’ என்ற பொருளைப் பரிந்துரைத்தது. மிளகாயின் காரத்துக்கு நெருங்கிய உறவான இதை லக்னோவில் உள்ள இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்திருந்தது. தேகன்பூரில் ஷெல்லாக வார்த்தார்கள். மிளகாய் வழி என்பதால் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். மருந்து மாறினாலும் அது போகிற உறை உறைதான்.

2022-இல் அதே பிரிவு ட்ரோனிலிருந்து குண்டு போடும் கருவியை உருவாக்கியது. 2024 பிப்ரவரியில் ஹரியானா போலீஸ் ஷம்புவில் அதைக் களத்துக்குக் கொண்டுவந்தது. வடிவமைப்பு நோக்கில் பார்த்தால் கொண்டுபோகும் வேலையைத் துப்பாக்கியிடமிருந்து பிரித்தாயிற்று, ஆகவே வெடிமருந்து தள்ளும் வேகம் இல்லை. நல்லதுதானே என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் 50 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தை எட்டும். காற்றின் தடை அதைச் சற்றுத்தான் குறைக்கும். எனக்கு இன்னும் பெரிய கவலை வேறு. எதிரில் நின்று சுட்டால் கூட்டத்தின் முன்வரிசையில் விழும், மக்கள் பின்னால் நகர்வார்கள். கலைவதற்கு வழி விடுவதுதான் இந்த ஆயுதத்தின் ஒரே நியாயம். தலைக்கு மேலிருந்து கூட்டத்தின் நடுவில் போட்டால் எந்தப் பக்கம் ஓடுவது? ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். டெல்லியின் குளிர்காலக் காலையில் கீழ்க்காற்று அசையாமல் தேங்கி நிற்கும்போது புகையும் மேலே எழாமல் அங்கேயே கிடக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு செய்தி பலருக்கு வியப்பாக இருக்கும். 1997 முதல் நடைமுறையில் உள்ள ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தத்தின்படி போரில் எதிரிப் படை மீது கண்ணீர்ப் புகையை வீசக்கூடாது; சொந்த ஊரில் சட்டம் ஒழுங்குக்கு வீசலாம். இந்தியாவும் அதில் கையெழுத்திட்ட நாடு. போர்க்களத்தில் புகை வந்தால் அது எந்தப் புகை என்று எதிரிக்குத் தெரியாது, உடனே கொடிய நஞ்சால் பதிலடி கொடுத்துவிடுவான் என்ற அச்சம்தான் அந்தத் தடைக்குக் காரணம். காரணம் புரிகிறது. ஆனாலும் எதிரிச் சிப்பாய்க்குக் கிடைக்கும் அந்தக் காப்பு அந்தக் கயிற்றுக் கட்டில் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு ஆறவில்லை.

கடைசியாக உங்கள் குழாய். அதை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். எரியாமல் மிஞ்சிய மருந்து துளையோரம் ஒட்டியிருக்கும், தொட்ட கையால் கண்ணைத் தொட்டால் இப்போதும் எரியும். கையைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். மலை மந்திர் வாசலில் அதைத் திருப்பிப் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. மூடிய முனையின் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் நசுங்கியிருக்கிறது, அந்த நசுங்கலுக்குள் தார்த்துணுக்கு அப்பியிருக்கிறது. அடிப்பகுதியில் துப்பாக்கிக் குழலுக்குள் வெடிமருந்து எரிந்தால் விழும் கருவளையம் இல்லை. ஆகவே துப்பாக்கியிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை. ஒன்று, கையால் எறிந்து சாலையில் சாய்வாக விழுந்திருக்க வேண்டும். அல்லது மேலிருந்து வந்திருக்க வேண்டும். எடுத்தபோது கையெறி குண்டில் இருக்கும் நெம்புகோலோ இழுவளையமோ பக்கத்தில் கிடந்ததா என்று உங்கள் நண்பரிடம் கேட்டுச் சொல்லுங்கள். கிடந்திருந்தால் கையால் எறிந்ததாக இருக்கலாம்.